மோட்டார் எரியும் முன்பே முடிவெடுங்கள்: கடலூர், புதுச்சேரி ஆலைகளில் மோட்டார் நிர்வாகத் திட்டம் தொடங்கும் முறை

30 எச்.பி. மோட்டார் ஒன்று, அதாவது 22 கிலோவாட், முக்கால் லோடில் வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1,47,000 யூனிட் இழுக்கும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 11.75 லட்சம் ரூபாய். மோட்டாரின் விலை இதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் அது எரிந்துபோகும் இரவில் இந்தக் கணக்கு யாருக்கும் நினைவுக்கு வராது. "வைண்டிங் கடையில் எத்தனை மணி நேரத்தில் கட்டித் தருவார்கள்?" என்ற ஒரே கேள்விதான் நிற்கும் (எரிந்த கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதைத்தான் கட்டுவது என்கிறோம்). உற்பத்தி நின்றுகிடக்கும்போது எடுக்கும் முடிவு அவசர முடிவாகத்தான் இருக்கும். அந்த முடிவை அமைதியான ஒரு பகல் வேளையில், மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்து, எழுதி, மோட்டாரிலேயே ஒட்டி வைப்பதுதான் மோட்டார் நிர்வாகத் திட்டத்தின் சாரம். மெகர் எடுப்பது (இன்சுலேஷனின் எதிர்ப்பை அளப்பது), கிரீஸ் வைப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அந்த முடிவைச் சரியாக எடுக்கத் தேவையான தகவலுக்காக.

கடலூர் சிப்காட், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு போன்ற தொழிற்பேட்டைகளுக்கு இதில் கூடுதல் தேவை ஒன்றும் உண்டு. இங்கே உப்புக்காற்று இருக்கிறது, வடகிழக்குப் பருவமழை இருக்கிறது, வெள்ளமும் வரும். மேற்கு மாவட்டம் ஒன்றில் எந்தக் கவனிப்பும் இல்லாமல் பத்து வருடம் ஓடும் மோட்டார், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் அப்படி ஓடாது.

கணக்கெடுப்பு: இடத்துக்கு ஒரு எண், மோட்டாருக்கு ஒரு எண்

பெரும்பாலான ஆலைகளில் பதிவேடு வீணாகிப்போவதற்குக் காரணம் ஒன்றுதான். "பி-12 பம்ப் மோட்டார்" என்று இடத்தின் பெயரையே மோட்டாருக்கும் வைத்துவிடுவார்கள். அந்த மோட்டார் வைண்டிங் கடைக்குப் போய்த் திரும்பி வேறு பம்ப்பில் உட்கார்ந்ததும் அதன் வரலாறு அறுந்துவிடும். மூன்று முறை கட்டிய மோட்டாரா, ஒருமுறையும் கட்டாத மோட்டாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இடத்துக்கு ஒரு எண் கொடுங்கள், மோட்டாருக்கு வேறொரு எண் கொடுங்கள். மோட்டாரின் எண்ணை எவர்சில்வர் தகட்டில் பஞ்ச் அடித்து பாடியில் ரிவெட் செய்யுங்கள். ஃபேன் கவரிலோ டெர்மினல் பாக்ஸ் மூடியிலோ வைக்காதீர்கள். ஓவராலிங்கில் அவை மாறிப்போகும். பெயிண்டில் எழுதும் எண் இந்த ஊர்க் காற்றில் இரண்டு மழைக்கு மேல் தாங்காது.

நேம் பிளேட்டைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்துக்கும் பெயிண்ட் அடிக்கும்போது நேம் பிளேட்டும் சேர்ந்து மறைந்துவிடுவது வழக்கம். அப்படி மறைந்திருந்தால் தின்னர் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாளோ சுரண்டியோ வேண்டாம், பொறித்த எழுத்தும் போய்விடும். பதிவு செய்ய வேண்டியவை: கிலோவாட், ஆர்.பி.எம்., ஃபுல் லோடு ஆம்பியர், ஃபிரேம் அளவு, ஃபூட் மவுண்டா ஃப்ளாஞ்சா, இன்சுலேஷன் கிளாஸ், திறன் வகுப்பு (ஐ.இ.1, ஐ.இ.3 என்று வரும்; எண் கூடினால் திறன் கூடும்), இரு பக்க பேரிங் எண்கள், ஸ்டார்டர் வகை, எதை ஓட்டுகிறது. ஆர்.பி.எம்.-ஐ 1500 என்று முழு எண்ணாக்கி எழுதாதீர்கள். 1455 என்று இருந்தால் 1455 என்றே எழுதுங்கள். புது மோட்டார் வாங்கும்போது அந்தக் கடைசி இரண்டு இலக்கம்தான் தேவைப்படும். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முந்நூறு மோட்டார் உள்ள ஆலையில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் எழுதக் கிளம்பினால் பாதியில் நின்றுவிடும். 10 எச்.பி.க்கு மேல் இருப்பவற்றையும், எவ்வளவு சிறியதானாலும் நின்றால் ஆலையை நிறுத்திவிடக்கூடியவற்றையும் முதலில் எடுங்கள். பாய்லரின் ஃபீட் பம்ப், கழிவுநீர் (எஃப்ளுயன்ட்) பிளான்ட்டின் ஏரேட்டர், ரியாக்டரின் அஜிடேட்டர் போன்றவை முதல் பட்டியல். நின்றால் உடனே உற்பத்தியோ பாதுகாப்போ பாதிக்கும் மோட்டார் ஏ, சில மணி நேரம் சமாளிக்கலாம் என்றால் பி, மற்றவை சி. இந்தப் பிரிவை எலக்ட்ரிகல் துறை மட்டும் செய்தால் தவறும். ஷிப்ட் இன்சார்ஜைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதல் சுற்று அளவுகள்

ஓடும் மோட்டாரில் மூன்று பேஸ் வோல்டேஜ், மூன்று பேஸ் ஆம்பியர், முடிந்தால் பவர் மீட்டரில் கிலோவாட். நிற்கும் மோட்டாரில் மெகர். பேரிங் இரு பக்கமும் அதிர்வு. இவ்வளவுதான் முதல் சுற்று.

வோல்டேஜ் சமமாக இல்லாதது பலரும் கவனிக்காத எரிப்பான். உதாரணமாக 410, 418, 402 என்று இருந்தால் சராசரி 410. அதிக விலகல் 8. எட்டை 410-ஆல் வகுத்தால் சுமார் 2%. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் வோல்டேஜில் 1% ஏற்றத்தாழ்வு ஆம்பியரில் 6 முதல் 10% ஏற்றத்தாழ்வாக விரியும், அந்தச் சூடு வைண்டிங்கில்தான் இறங்கும். இன்சுலேஷனுக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூடும் ஆயுளைப் பாதியாக்கும் என்பது வழக்கமான கணக்கு. 1%-ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள். 5%-ஐத் தொட்டால் மோட்டாரை ஓட்டவே கூடாது. காரணம் பெரும்பாலும் பேனலிலேயே கிடைக்கும்: கெப்பாசிட்டர் பேங்கில் ஒரு பேஸ் பியூஸ் போயிருக்கும், வெல்டிங் மெஷின் எல்லாம் ஒரே பேஸில் ஏறியிருக்கும், கேபிள் முனையில் ஏதாவது ஒரு லக் லூசாகிக் கறுத்திருக்கும்.

லோடைக் கண்டுபிடிக்க, கேபிளைக் கவ்வி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டர் மட்டும் போதாது. லோடு பாதிக்குக் கீழே போனால் ஆம்பியர் அதே விகிதத்தில் இறங்காது. காந்தப்புலத்துக்கான கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கிலோவாட் அளந்தால் கணக்கு எளிது. 22 கிலோவாட் மோட்டார், திறன் 91.6% என்றால் ஃபுல் லோடில் உள்ளே போவது 24 கிலோவாட். மீட்டர் 9.6 காட்டினால் லோடு 40%. இப்படித் தொடர்ந்து 40%-க்குக் கீழே ஓடும் மோட்டார்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். எரியும்போது அதே அளவை மறுபடி வாங்காமல் ஒரு படி சின்னதாக வாங்கலாமா என்று அப்போது யோசிக்கலாம். ஸ்டார்ட் ஆகும்போது கனமாக இழுக்கும் இயந்திரத்துக்கு, கிரஷர், பெரிய பிளோவர் மாதிரி, இந்த யோசனையே வேண்டாம்.

415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெகர் போதும். பெர்மிட் வாங்கி, பிரேக்கரைப் பூட்டி டேக் போட்டு, கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதிசெய்த பிறகுதான் டெர்மினல் பாக்ஸைத் திறக்க வேண்டும். வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருந்தால் கேபிளை டிரைவிலிருந்து கழற்றிவிடுங்கள். மெகர் வோல்டேஜ் டிரைவின் உள்பாகங்களைக் காலி செய்துவிடும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து வரும் அளவை வைண்டிங்கின் சூட்டோடு சேர்த்து எழுதுங்கள். 10 டிகிரி ஏறினால் அளவு பாதியாகும். 30 டிகிரியில் 40 மெகஓம் என்றால் 40 டிகிரிக்கு அது 20. சாதாரண லோ வோல்டேஜ் மோட்டாருக்கு 40 டிகிரி கணக்கில் 5 மெகஓம் குறைந்தபட்சம். ஆனால் இந்த ஊரில் அந்த ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். மார்ச்சில் 800 இருந்தது அக்டோபரில் 60 ஆகி நவம்பரில் 12 ஆனால் ஒவ்வொரு முறையும் "பாஸ்"தான்; ஆனால் அந்த மோட்டாருக்குள் உப்பும் ஈரமும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டத்தான் பதிவேடு. மெகர் எடுத்து முடித்ததும் வைண்டிங்கை எர்த்தில் தொட்டு டிஸ்சார்ஜ் செய்ய மறக்காதீர்கள்.

அதிர்வுக்கு, 15 முதல் 300 கிலோவாட் வரை கெட்டியான பவுண்டேஷனில் இருக்கும் மோட்டாருக்கு நொடிக்கு 2.8 மில்லிமீட்டர் வரை தொடர்ந்து ஓட்டலாம். 4.5-ஐத் தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். பேரிங்கைச் சந்தேகிக்கும் முன் ஃபூட் போல்ட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அதிர்வு மாறுகிறதா பாருங்கள். ஒரு கால் சரியாகப் பதியாமல் போல்ட்டால் இழுத்துப் பிடித்திருப்பது மிகச் சாதாரணம். சரியான தடிமனில் ஒரு ஷிம் (காலுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) அதைத் தீர்த்துவிடும்.

அளவெடுக்கப் போகும் அதே சுற்றில், கரண்ட் கூடினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைத் திறந்து பாருங்கள். ஸ்டார்-டெல்டா ஸ்டார்டரில் (ஸ்டார் இணைப்பில் கிளப்பி டெல்டா இணைப்புக்கு மாற்றுவது) ரிலே பெரும்பாலும் டெல்டாவுக்குள் இருக்கும்; அப்போது செட்டிங் ஃபுல் லோடு ஆம்பியரின் 0.58 பங்கு. 40 ஆம்பியர் மோட்டாருக்கு 23. டயல் 40-இல் நின்றால் லைனில் 69 ஆம்பியர் ஓடும்வரை ரிலே அசையாது. அந்த மோட்டார் எரிந்த பிறகு எல்லாரும் வைண்டிங் கடையைத்தான் திட்டுவார்கள். அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாரோ ஒரு ஷிப்டில் டயலை ஏற்றிவிட்டுப் போயிருப்பார். சரியான இடத்தில் டயலை நிறுத்தி, பெயிண்டில் ஒரு கோடு போடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் கேட்க ஒரு காரணம் கிடைக்கும்.

முடிவுத் தகடு

ஏ, பி பிரிவு மோட்டார் ஒவ்வொன்றுக்கும் "எரிந்தால் என்ன செய்வது" என்று எழுதுங்கள். பதில் மூன்றில் ஒன்று: ஸ்டோரில் இருக்கும் ஸ்பேரைப் போடு, புது ஐ.இ.3 அல்லது ஐ.இ.4 வாங்கு, கட்டு. பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று வண்ண ஸ்டிக்கர் போதும். நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் யாரையும் எழுப்பாமல் வேலையைத் தொடங்கலாம்.

பொது விதி ஒன்று: 20 எச்.பி.க்குக் கீழே, வருடம் முழுக்க ஓடும் பழைய சாதாரண மோட்டார் என்றால் கட்டாதீர்கள், மாற்றுங்கள். பெரிய மோட்டாருக்குக் கணக்குப் போட வேண்டும். முதலில் சொன்ன 22 கிலோவாட் மோட்டாரையே எடுங்கள். 4 போல் ஐ.இ.1-இன் திறன் 89.9%, ஐ.இ.3-க்கு 93.0%. முக்கால் லோடிலும் திறன் ஏறக்குறைய இதே என்று கொண்டால், வெளியே 16.5 கிலோவாட் கொடுக்க ஒன்று 18.35 இழுக்கும், மற்றது 17.74. வித்தியாசம் 0.61 கிலோவாட், 8,000 மணிக்கு 4,900 யூனிட், மேலே வைத்த விலையில் வருடத்துக்கு 39,000 ரூபாய். கட்டும் கூலிக்கும் புது மோட்டார் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த 39,000-ஆல் வகுத்தால் எத்தனை வருடத்தில் காசு திரும்பும் என்று தெரியும். இதே மோட்டார் கரும்பு அரவைப் பருவத்தில் மட்டும் நான்கைந்து மாதம் ஓடுவது என்றால் கணக்கு பாதிக்குக் கீழே இறங்கும். அங்கே நன்றாகக் கட்டுவதே சரி. வாங்கும் மோட்டாரில் ஐ.எஸ். 12615 குறியும் திறன் வகுப்பும் நேம் பிளேட்டிலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கவிழ்க்கக்கூடிய இரண்டு விஷயங்களைப் பாருங்கள். திறன் கூடிய மோட்டார் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். பழையது 1455, புதியது 1475 என்றால் வேகம் 1.4% கூடுகிறது, சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பும் ஃபேனும் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் பவர் கேட்பதால் இழுப்பு 4.2% ஏறும். மிச்சமாக வேண்டிய 3.3% அதிலேயே போய்விடும், தண்ணீர் மட்டும் தேவைக்கு மேல் கொட்டும். அதனால் நேம் பிளேட் வேகம் நெருங்கி வரும் மோட்டாராகத் தேர்ந்தெடுங்கள், அல்லது இம்பெல்லரைக் கடைசல் பிடித்துக் குறையுங்கள், பெல்ட் என்றால் புல்லியை மாற்றுங்கள். இரண்டாவது, ஸ்டார்ட் ஆகும் கணத்தில் இழுக்கும் கரண்ட் இவற்றில் கூடுதல். பழைய பிரேக்கர் முதல் நாளே ட்ரிப் ஆனால் மோட்டாரைக் குறை சொல்லாமல் பிரேக்கரின் மேக்னடிக் செட்டிங்கைப் பாருங்கள்.

கட்டக் கொடுக்கும்போது

கெட்ட ரீவைண்டிங் மோட்டாரைக் கொல்வதில்லை. வருடக்கணக்கில் கரண்ட் பில்லாக வசூலிக்கும். பழைய காயிலைப் பிடுங்க ஸ்டேட்டரைப் புளோ டார்ச்சால் கொளுத்துவதுதான் பெரிய சேதம். கோரின் (ஸ்டேட்டரின் இரும்பு அடுக்கு) தகடுகளுக்கு இடையில் உள்ள மெல்லிய இன்சுலேஷன் கருகி, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோர் சூடேறும். வெப்பம் கட்டுப்படுத்தும் அடுப்பில், கோரின் சூடு 370 டிகிரியைத் தாண்டாமல் எரிக்க வேண்டும். அந்த அடுப்பு கடையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆர்டரில் எழுத வேண்டியவை: பிடுங்கும் முன்னும் பின்னும் கோர் லாஸ் டெஸ்ட் (கோரில் வீணாகும் பவரை அளப்பது), இரண்டாவது அளவு முதலாவதை விட 20% கூடினால் வேலையை நிறுத்திச் சொல்ல வேண்டும், அதே டர்ன், அதே கம்பிக் குறுக்களவு, காயில் முனை நீளம் பழையதை விட அதிகமாகக் கூடாது, இன்சுலேஷன் கிளாஸ் எஃப் அல்லது அதற்கு மேல், வார்னிஷ் பிரஷ்ஷால் பூசாமல் முக்கி எடுத்து ஓவனில் காய வைக்க வேண்டும், பேரிங் இரண்டும் புதிது, பழைய எண்ணிலேயே, சி3 (உள் இடைவெளி கூடிய வகை) என்று இருந்தால் சி3-யே. ஏர் கேப்பை (ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் உள்ள இடைவெளியை) சரிசெய்கிறேன் என்று ரோட்டரைக் கடைசல் பிடிக்க ஒருபோதும் விடாதீர்கள்.

சிப்காட்டில் சால்வென்ட் கையாளும் இடங்களில் ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார்கள் இருக்கும். இவற்றைச் சாதாரணக் கடைக்கு அனுப்பவே கூடாது. ஐ.இ.சி. 60079-19 முறைப்படி பழுதுபார்க்கத் தகுதி பெற்ற பட்டறை வேண்டும். மூடி பொருந்தும் விளிம்புகளில் பெயிண்டோ கேஸ்கெட்டோ பட்டால், உள்ளே தீப்பொறி வெடித்தால் அதை அடக்கும் அமைப்பு கெட்டுவிடும். இது உயிர் விஷயம், செலவைப் பார்க்க வேண்டாம்.

கிரீஸ், உப்பு, ஈரம்

கிரீஸ் போதாமல் போகும் பேரிங் அளவுக்கு, அதிகமாகத் திணித்ததால் போகும் பேரிங்கும் உண்டு. அளவுக்கு எளிய சூத்திரம்: பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம். 6312-க்கு 130 × 31 × 0.005, அதாவது 20 கிராம். 6309-க்கு 12.5. உங்கள் கிரீஸ் கன் ஒரு அமுக்குக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாமல் இந்த எண் உதவாது. பத்து அமுக்கு தாளில் விட்டு எடை போடுங்கள், பத்தால் வகுத்துக் கன்னிலேயே எழுதி ஒட்டுங்கள். வடிகால் பிளக்கைத் திறந்து, மோட்டார் ஓடும்போது மெதுவாக வையுங்கள். லித்தியம் கிரீஸ் உள்ள பேரிங்கில் பாலியூரியா கிரீஸைக் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும். நிறம் ஒன்றாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆலை முழுக்க ஒரே வகை என்று முடிவெடுப்பது நல்லது. இரு பக்கமும் மூடிய பேரிங்குக்குக் கிரீஸ் வேண்டியதில்லை, நிப்பிளும் இருக்காது.

கடற்கரைப் பக்கம் முதலில் போவது டெர்மினல் பாக்ஸ். திறந்தால் லக் பச்சை பூத்திருக்கும், கேஸ்கெட் இறுகி வெடித்திருக்கும், பயன்படாத கேபிள் ஓட்டையில் காட்டன் வேஸ்ட் திணித்திருக்கும். அந்த வேஸ்ட் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்துக்கொள்ளும். அடைப்பு பிளக் போடுங்கள். டின் பூசிய காப்பர் லக் போடுங்கள். கேபிள் நுழைவு கீழ்நோக்கி இருக்கட்டும், அதற்கு முன் கேபிள் ஒரு தொங்கலாக வளையட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். திறந்த வெளியில் ஐ.பி. 55-க்குக் (தூசியும் தண்ணீரும் புகாத வகுப்பு) குறைந்த மோட்டார் வேண்டாம்; எப்பாக்ஸி பெயிண்ட் கேட்டு வாங்குங்கள். அடிப்பக்க டிரைன் பிளக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். மோட்டாரைப் படுக்கையிலிருந்து நிமிர்த்திப் பொருத்தினால் டிரைன் துளை அடியில் இல்லாமல் போகும், தண்ணீர் வைண்டிங்கில் தேங்கும்.

ஓடும் மோட்டார் தன் சூட்டாலேயே ஈரத்தை விரட்டிக்கொள்ளும். நிற்கும் மோட்டார்தான் நனையும். மாலையில் காற்று குளிர்ந்ததும் உள்ளே வியர்க்கும். ஏ பிரிவுக்கு, நிற்கும்போது உள்ளே சூடு தரும் ஸ்பேஸ் ஹீட்டருடன் வாங்கி, கான்டாக்டர் விழுந்ததும் ஹீட்டர் எரியும்படி வயரிங் செய்யுங்கள். ஸ்டாண்ட்பை பம்ப்பை வாரம் ஒருமுறை மாற்றி ஓட்டுங்கள். அப்படி ஓட்டினால், பக்கத்து பம்ப்பின் அதிர்வில் நின்ற இடத்திலேயே பேரிங் குண்டுகள் பள்ளம் பதிக்காமலும் தடுக்கலாம்.

ஸ்டோரில் இருக்கும் ஸ்பேருக்கும் இதே நியாயம். மரக்கட்டை மேல், பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றாமல், கம்ப்ரசர் அறைக்குத் தள்ளி வையுங்கள். மாதம் ஒருமுறை ஷாஃப்டைச் சில சுற்று சுற்றிவிட்டு, நிற்கும் இடம் போனமுறையிலிருந்து கால் சுற்று தள்ளி இருக்கும்படி விடுங்கள். தேதி போட்டுக் கையெழுத்து. ஒரே ஃபிரேம், ஒரே வேகம் உள்ள மோட்டார்களைப் பட்டியலில் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஆறு இடத்துக்கு ஒரே ஸ்பேர் போதும் என்பது தெரியவரும். அதோடு யாருக்கும் பொருந்தாத பழைய ஸ்பேர் எவை என்பதும்.

மழைக்கு முன், வெள்ளத்துக்குப் பின்

வருடாந்தர மெகர் சுற்றை ஆயுத பூஜைத் துப்புரவோடு கட்டிவிடுங்கள். இயந்திரங்கள் நிற்கும், ஆட்கள் இருப்பார்கள், பருவமழை பெரும்பாலும் இன்னும் தொடங்கியிருக்காது. சந்தனமும் குங்குமமும் வைக்கும் முன் மூடியைத் திறந்து அளவெடுத்துக் கேஸ்கெட்டைப் பார்த்துவிடலாம்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கரை மூன்றையும் பார்த்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மோட்டார் இடத்துக்கும் முன்பு தண்ணீர் ஏறிய மட்டத்தைப் பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேருங்கள். எச்சரிக்கை வந்ததும் எந்த மோட்டாரை முதலில் கழற்றி மேலேற்றுவது என்பது அப்போதே தெரிந்திருக்கும். மூழ்கிய மோட்டாருக்கு, வெளியே காய்ந்துவிட்டது என்று சுவிட்ச் போடாதீர்கள். பிரித்து, நல்ல தண்ணீரால் சேறும் உப்பும் போகும்வரை கழுவுங்கள். உப்பு தங்கினால் எவ்வளவு காய வைத்தாலும் அடுத்த ஈரக்காற்றில் மெகர் விழுந்துவிடும். பிறகு ஓவனில் மெல்லச் சூடேற்றி, வைண்டிங் 90 டிகிரியைத் தாண்டாமல் காய வையுங்கள். சூடேறும்போது மெகர் முதலில் இறங்கும், பயப்பட வேண்டாம்; பின் ஏறி, பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம். பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஒவ்வொரு பழுதிலும் ஒரு கேள்வி

பதிவேட்டில் "மோட்டார் எரிந்தது, மாற்றப்பட்டது" என்று எழுதுவதால் பயனில்லை. மூடியைக் கழற்றி வைண்டிங்கைப் பாருங்கள். ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு பேஸ் காயில் கறுத்து ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் சிங்கிள் பேஸிங், அதாவது ஒரு பேஸ் வராமல் ஓடியிருக்கிறது. பியூஸையும் கான்டாக்டரையும் பாருங்கள். டெல்டாவில் அது தலைகீழ், ஒன்று கறுத்து இரண்டு தப்பியிருக்கும். எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு அல்லது அடைத்த ஃபேன் கவர். ஒரு புள்ளியில் மட்டும் செம்பு உருகியிருந்தால் டர்ன் ஷார்ட் (ஒரே சுருளின் கம்பிகள் ஒன்றையொன்று தொடுவது), அல்லது வி.எஃப்.டி.யின் வோல்டேஜ் உச்சம். பேரிங் ஓடுபாதையில் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக இருந்தால் ஷாஃப்ட் வழியாகக் கரண்ட் போகிறது. புது பேரிங் போட்டால் அதுவும் அப்படியே ஆகும், இன்சுலேட்டட் பேரிங்கோ ஷாஃப்ட் எர்த்திங் ரிங்கோ வேண்டும். கழற்றிய பேரிங்கைக் குப்பையில் போடாமல் வெட்டிப் பார்த்து, மோட்டார் எண்ணும் தேதியும் எழுதிய பையில் போட்டு, ஒரு வருடம் வைத்திருங்கள். அதே இடத்தில் அடுத்த பேரிங் போகும்போது இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.